நம் தொடர்களில் சண்டை போதவில்லை

அறிவியல் புனைவுத் தொடர் ஒன்று தமிழ்த் தொலைக்காட்சியில் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்விக்குத் தயாராக ஒரு பதில் புழங்குகிறது. செலவு அதிகம் என்பது அதில் இரண்டாம் பட்சம்தான். "அதுல சண்டைக்கு எங்க சார் இடம்?" என்பதே முதல் பட்சம். ஐந்தாறு பேர் ஒரு விண்கலத்திலோ ஆய்வுக்கூடத்திலோ இருக்கிறார்கள். எல்லாரும் படித்தவர்கள், ஒரே வேலைக்காக வந்தவர்கள், ஒருவரையொருவர் நம்புகிறவர்கள். இதில் வில்லி யார், டிராக் எது, புரமோவில் எதைக் காட்டுவது? அப்படி ஒரு கதையை எடுத்தே தீர வேண்டுமென்றால் குழுவுக்குள் ஒரு துரோகியை நுழை, இரண்டு பேருக்கு ஒரே பெண் மீது காதலை வை, தலைவனின் தம்பிக்குப் பொறாமையைக் கொடு என்பார்கள். வளசரவாக்கம், போரூர் தொடங்கிப் பூந்தமல்லி வரை பரவிக் கிடக்கும் படப்பிடிப்பு வீடுகளில் இது வாதமாகக்கூட முன்வைக்கப்படுவதில்லை. பகை இருந்தால் கதை ஓடும், நட்பு வந்தால் நின்றுவிடும் என்பது அங்கே விதி. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொடர்களை இகழ்ந்துவிட்டு அயல்நாட்டு அறிவியல் புனைவுகளை மட்டுமே பார்க்கும் ரசிகர்களில் பலரும் இதே விதியைத்தான் தலைகீழாகப் பிடித்துத் தொங்குகிறார்கள்: நல்ல குழு என்றால் அங்கே சண்டையே இருக்காது, எதிர்கால மனிதர்கள் அதையெல்லாம் கடந்துவிட்டிருப்பார்கள் என்று. சண்டை ஏறினால் நட்பு இறங்கும், நட்பு ஏறினால் சண்டை இறங்கும் என்று இரு தரப்பும் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு தப்பு. ஒரு குழுவின் நட்பைத் திரையில் காட்டுவதற்குச் சண்டையைவிட நல்ல வழி கிடையாது. அந்தச் சண்டையை முழுதாக நடத்திக் காட்டுவதற்கு அறிவியல் புனைவைவிடத் தோதான களமும் கிடையாது.

முதலில், நம் நெடுந்தொடர்கள் சண்டையால் ஓடுகின்றன என்ற நம்பிக்கையையே சோதித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான ஒரு டிராக்கை எடுத்துக்கொள்வோம். மருமகள் யாருக்கோ பணம் கொடுப்பதை மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறார். பின்னணியில் ஒரு அதிரடி ஓசை. அதே முகத்தை மூன்று கோணங்களில் மூன்று தடவை காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் என்ன நடக்கிறது? மாமியார் கேட்பதில்லை. மருமகள் சொல்ல வாயெடுக்கும்போது ஃபோன் அடிக்கிறது, யாரோ மயங்கி விழுகிறார்கள், வாசலில் கார் வந்து நிற்கிறது. "யாருக்கும்மா அந்தப் பணத்தைக் கொடுத்த?" என்று ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் முடிந்துபோகும் விஷயம் இருபது எபிசோடுக்கு இழுபடுகிறது. இதைச் சண்டை என்று சொல்வதற்கில்லை. நடக்க வேண்டிய சண்டையை நடக்கவிடாமல் தள்ளிப்போடும் கலை இது. கத்தல் உண்டு, கன்னத்தில் அறை உண்டு, சாபம் உண்டு. ஆனால் இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பற்றி, ஒரே தகவல்களைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரெதிராக வாதாடி ஒரு முடிவுக்கு வருவது என்பது மிக அபூர்வம். வில்லி மனதுக்குள் பேசுகிறாள், நாயகி பூஜையறையில் அழுகிறாள். தமிழ்த் தொடர்களில் சண்டை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று குறைசொல்பவர்களும், சண்டைதான் சரக்கு என்று விற்பவர்களும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: அங்கே இருப்பது மௌனம்.

அப்படியானால் பிக் பாஸ் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில், ஈவிபி பிலிம் சிட்டிக்குள் போடப்பட்ட அந்த வீட்டில் 2017-இலிருந்து நடப்பதெல்லாம் நேருக்கு நேர் சண்டைதான்; யாரும் பூஜையறையில் போய் அழுது மறைப்பதில்லை. அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் அந்த வீட்டை ஊன்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அமைப்பில் அது ஒரு விண்கலமேதான். கதவு பூட்டப்பட்டிருக்கிறது. கடிகாரம் இல்லை, செய்தித்தாள் இல்லை, ஃபோன் இல்லை. முகம் தெரியாத ஒரு குரல் கட்டளையிடுகிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆட்களை நூறு நாளைக்கு அடைத்து வைத்திருக்கிறார்கள். விண்கலத்தில் இருப்பதும் அந்த வீட்டில் இல்லாததும் ஒன்றே ஒன்று: செய்தே ஆக வேண்டிய வேலை. டாஸ்க்குகள் உண்டே என்பார்கள். ஆனால் டாஸ்க்கில் தோற்றால் வீடு இடிந்து விழப்போவதில்லை. போட்டியாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து உரசவைப்பதே அதன் நோக்கம். அதைவிட முக்கியம், வாராவாரம் நாமினேஷன். ஒருவர் வெளியே போனால் மற்றவருக்கு இடம். அந்த விதிக்குக் கீழே நட்பு என்பதே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிடுகிறது. இருவர் ஒட்டிப் பழகினால் 'குரூப்பிசம்', சண்டையிலிருந்து ஒதுங்கினால் 'சேஃப் கேம்', சண்டை போட்டால் 'கன்டென்ட் கொடுக்கிறார்'. சண்டைக்குப் பொருள் தேவைப்படாத நிலை அது. தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் வைத்ததிலிருந்து பிறப்பு வளர்ப்பு வரை எதைப் பற்றியும் போடலாம், முடிவுக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆக, தொடர்களில் பொருள் உண்டு, சண்டை இல்லை. பிக் பாஸில் சண்டை உண்டு, பொருள் இல்லை. இந்த இரண்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூன்றாவது வகை ஒன்று இருப்பதே தெரியாமல் போனதில் வியப்பில்லை.

மூன்றாவது வகை என்னவென்று காட்ட, எண்பதுகளில் தூர்தர்ஷன் நமக்கும் காட்டிய 'ஸ்டார் ட்ரெக்'கிலிருந்தே தொடங்கலாம். 1966 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கி மூன்று பருவங்களோடு நிறுத்தப்பட்ட தொடர் அது. அதன் உயிர்நாடி விண்கலத்தின் தலைவர் கிர்க் என்பதைவிட, அவருக்கு இருபுறமும் நின்று ஓயாமல் முட்டிக்கொள்ளும் இருவர் என்பதே சரி: உணர்ச்சியை ஒதுக்கித் தர்க்கத்தையே நம்பும் ஸ்பாக், மனித உணர்ச்சியை ஒதுக்கிய எந்த முடிவையும் நம்பாத மருத்துவர் மெக்காய். 1967 ஜனவரியில் ஒளிபரப்பான 'கலிலியோ செவன்' கதையில் ஏழு பேர் சென்ற சிறுகலம் ஒன்று அந்நியக் கோளில் விழுகிறது. ஸ்பாக்தான் பொறுப்பு. எரிபொருள் போதாது, எடையைக் குறைக்க வேண்டும், வெளியே ஈட்டியோடு பேருருவங்கள். இறந்துபோன தோழனை அடக்கம் செய்ய நேரமில்லை என்கிறார் ஸ்பாக். குழுவில் ஒருவரான போமா கொதிக்கிறார். அவர் பேச்சு போகப் போக ஸ்பாக் என்ற ஆளை நோக்கியே திரும்பிவிடுகிறது. மெக்காயும் எதிர்க்கிறார், இன்னும் கடுமையாகக்கூட. ஆனால் அவர் எதிர்ப்பது ஸ்பாக்கின் கணக்கை: அச்சுறுத்தினால் இந்த உயிர்கள் ஓடிப்போகும் என்று போட்டாயே, அவை கோபப்பட்டுத் திரும்பி வருமென்று உன் தர்க்கம் ஏன் எண்ணவில்லை என்கிற மாதிரி. இந்த இரு எதிர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நட்பு இருக்கிறது. கடைசியில் ஸ்பாக், மிச்சமிருந்த எரிபொருளையெல்லாம் வானில் கொட்டிக் கொளுத்தி, தாய்க்கலத்தின் கண்ணில் படுமாறு செய்கிறார். தர்க்கம் ஒப்பாத சூதாட்டம் அது. அதுதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. மெக்காய் கத்திக்கொண்டே இருந்ததில் பாதி அவர் மண்டைக்குள் போயிருக்கிறது என்பதை அந்த ஒரு செயல் சொல்லிவிடுகிறது. கட்டிப்பிடித்து அழும் காட்சி தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த 'தோலியன் வெப்' இதைவிட நுட்பமானது. கிர்க் காணாமல் போகிறார், இறந்துவிட்டதாகவே முடிவாகிறது. ஸ்பாக்கும் மெக்காயும் ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டே, கிர்க்கின் அறைக்குப் போய், தான் இறந்தால் கேட்க வேண்டும் என்று அவர் பதிந்துவைத்த கடைசி உத்தரவைக் கேட்கிறார்கள். அதில் அவர் இருவரையும் தனித்தனியே அழைத்து, எதிரில் நிற்பவனின் அறிவைப் பயன்படுத்து என்று சொல்லியிருக்கிறார். இருவரும் பேசாமல் நிற்கிறார்கள். கடைசியில் கிர்க் உயிரோடு திரும்பி, என் பதிவைக் கேட்டீர்களா என்று விசாரிக்கும்போது, நேரமே கிடைக்கவில்லை என்று இரண்டு பேரும் கூசாமல் புளுகுகிறார்கள். வாய்ப்பேச்சுக்கு வாய்ப்பேச்சு ஒத்துப்போகாத இருவர், முன்கூட்டிப் பேசிவைக்காமல் ஒரே பொய்யைச் சொல்கிற இடம் அது. ஓர் அறை, இரண்டு நடிகர்கள், ஒரு குரல் பதிவு. இதற்கு எத்தனை கோடி ஆகும்?

இது திரைக்கதைச் சாமர்த்தியம் மட்டுமில்லை. தெரியாத ஒன்றை எதிர்கொள்ளும் குழுவில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சாளரம். ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. ஆவடியில் வடிவமைத்துச் செய்யப்படும் அர்ஜுன் டாங்கியில் நான்கு பேர் ஏறுகிறார்கள்: கமாண்டர், சுடுபவர், குண்டேற்றுபவர், ஓட்டுநர். ஓட்டுநர் பார்க்கும் தரை சுடுபவருக்குத் தெரியாது, சுடுபவரின் கண்ணாடியில் விழுவது குண்டேற்றுபவருக்குத் தெரியாது. தான் பார்த்ததை அடித்துச் சொல்லாமல் மரியாதைக்கு வாயை மூடிக்கொள்பவர் அங்கே நல்ல தோழர் ஆகமாட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் எந்தப் பட்டறையிலும் இதே நாடகம் மாதக் கடைசியில் அரங்கேறும். கேட்டில் லாரி நிற்கிறது, டிஸ்பாட்ச் அவசரம், க்யூசி-யில் இருப்பவர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு லாட் முழுவதையும் நிறுத்துகிறார். "ரெண்டு மைக்ரானுக்கு லோடையே நிறுத்துவீங்களா?" என்று புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் எகிறுவார். "நான் விட்டா கஸ்டமர் திருப்பி அனுப்புவான்ணே, அப்ப உங்களுக்குத்தான் ரீவொர்க்" என்று பதில் வரும். குரல் உயரும், பழைய கதையெல்லாம் வெளியே வரும். ஷிப்ட் முடிந்து இருவரும் ஒரே டீக்கடைக்குத்தான் போவார்கள். இவர்களுக்கு இடையில் பகை இருப்பதாக அங்கே யாரும் நினைப்பதில்லை. ஒருவர் மற்றவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டத் தொடங்கினால்தான் ஏதோ தப்பு நடக்கிறது என்று சந்தேகம் வரும்.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியே, 1987-இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில், கலத்தின் அதிகாரிகளுக்குள் சண்டை கூடாது என்று கட்டளையிட்டார். அந்தத் தொடர் ஏழு பருவங்கள் ஓடிற்று, மூலத் தொடரைவிட நான்கு அதிகம். சண்டை இல்லாமலே குழுவை ரசிக்கலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் அந்தக் கட்டளையோடு எழுத்தாளர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. எழுத்துக் குழுவுக்குப் பின்னாளில் தலைமையேற்ற மைக்கேல் பில்லர் அதற்கு 'ராடன்பெரியின் பெட்டி' என்று பெயரே வைத்தார். அதன் தொடக்கக் கதைகளில் பல இன்று பார்க்கப் பொறுமை வேண்டியவை. முதல் இரண்டு பருவங்களில் மறுபடி மறுபடி பேசப்படுவது எது என்று பார்த்தால், மெலிண்டா ஸ்னாட்கிராஸ் எழுதி 1989 பிப்ரவரியில் வந்த 'மெஷர் ஆஃப் எ மேன்'. டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்து ஆராய ஒரு விஞ்ஞானி கேட்கிறார். டேட்டாவுக்கு மறுக்கும் உரிமை உண்டா என்று விசாரணை. வழக்காட ஆளில்லாததால், டேட்டாவின் நண்பர் ரைக்கர்தான் அரசுத் தரப்பில் நின்று அவன் வெறும் பொருள் என்று நிறுவ வேண்டும். மறுத்தால் டேட்டாவுக்கு எதிராக உடனே தீர்ப்பு. ரைக்கர் நண்பனின் கையைக் கழற்றி மேசையில் வைக்கிறார். அவனை அணைத்துப்போட்டு, பொம்மை சாய்வதுபோல் சாயவைக்கிறார். தன் முகத்தில் ஒரு கணம் தோன்றிய வெற்றிச் சாயலை உணர்ந்து கூசுகிறார். விசாரணையில் டேட்டா வென்றபிறகு, கொண்டாட்டத்துக்கு வராமல் தனியே உட்கார்ந்திருக்கும் ரைக்கரைத் தேடி வந்து டேட்டா சொல்வதன் சாரம்: நீ எனக்கு எதிராக வாதாடியதால்தான் நான் தப்பித்தேன், அந்தக் காயம் உனக்குத்தான். சண்டையே கூடாதென்ற தொடர், தன் மிகச் சிறந்த நேரத்தில், நண்பன் நண்பனுக்கு எதிராக முழு மூச்சோடு வாதாடுவதைக் காட்டியிருக்கிறது. ராடன்பெரியின் கட்டளைக்கு ஆதரவாக இதைக் காட்ட முடியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து பிபிசியின் 'பிளேக்ஸ் செவன்' (1978–1981) தொடரைக் காட்டுவார்கள். பிளேக்கும் ஏவனும் ஒருவரையொருவர் நம்புவதே இல்லை, பகையை வைத்தே முதல் இரண்டு பருவத்தை ஓட்டவில்லையா? ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் மோதியது கொள்கையில். பேரரசை எதிர்த்துப் போராட வேண்டும் என்பார் பிளேக், பிழைத்துக் கிடக்க வழியைப் பார் என்பார் ஏவன்; விட்டுப் போக வாய்ப்பிருந்தும் ஏவன் பிளேக்கின் கலத்தை விட்டுப் போகாததுதான் கதையே. 1981 டிசம்பர் 21 அன்று வந்த கடைசிக் காட்சியில் ஏவன் பிளேக்கைச் சுட்டுவிடுகிறார். ஏன்? பிளேக் துரோகம் செய்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னதைக் கேட்டு வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலை முழுதாகக் கேட்காமல் விசையை அழுத்துகிறார். இரண்டு பருவங்கள் வாய்விட்டு நடந்த சண்டை நின்று, சந்தேகம் உள்ளே போன கணம் அது. நம் தொடர்களின் ஜன்னலோரச் சந்தேகத்தை அங்கே முடிவில் வைத்தார்கள், இங்கே முதல் எபிசோடிலேயே வைக்கிறார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சரி, நம்ம ஜனங்களுக்கு வாதம் பிடிக்காது" என்பது கடைசிப் புகலிடம். பொங்கல், தீபாவளிக் காலையில் சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்த பட்டிமன்றத்தை, இட்லியை வாயில் வைத்துக்கொண்டே பார்த்த ஜனங்கள் யாராம்? ராஜாவும் பாரதி பாஸ்கரும் ஒருவர் வாதத்தை மற்றவர் கிழித்துத் தொங்கவிடுவதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, அந்த இருவரும் தோழமை உள்ளவர்கள் என்பது தெரியாதா? தெரியும்; தெரிந்ததால்தான் சிரிக்க முடிந்தது. சன் டிவியில் நாகா இயக்கிய 'மர்ம தேச'த்தின் 'விடாது கருப்பு', சாமி தண்டிக்கிறது என்ற ஊர் நம்பிக்கையையும் மனநல மருத்துவத்தையும் மோதவிட்ட கதை. இன்றும் அதன் பெயரைச் சொன்னால் பேச்சு நீளும். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் எல்லாரும் நினைவு வைத்திருப்பது சர்வாதிகாரி ஜீவாவையா? நிலாவின் அசட்டுத்தனத்தைக் கேலி செய்துகொண்டே அவளுக்காக உழைக்கும் ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான். அவள் சொன்னதற்கெல்லாம் வாலாட்டியிருந்தால் அது இன்னொரு பொம்மை, அவ்வளவுதான். நட்பு இடித்துச் சொல்வதற்கே என்று வள்ளுவரைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வரும் சமூகத்துக்கு, இடித்துரைக்கும் நண்பன் புரியமாட்டான் என்று ஒரு சேனல் முடிவெடுப்பது சற்றுத் துணிச்சலான காரியம்.

இதைவிடக் கனமான தடை ஒன்றை அவர்கள் சொல்லலாம், ஆனால் சொல்வதில்லை. நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மூத்தவரை, மேலதிகாரியைப் பலர் முன்னிலையில் மறுப்பது எளிதல்ல. குழுவின் இளையவர் தலைவரைப் பார்த்து "நீங்க சொல்றது தப்பு சார்" என்றால், பார்வையாளர் அவரைத் திமிர் பிடித்தவர் என்று எண்ணக்கூடும். உண்மைதான். ஆனால் இது அமெரிக்கர்களுக்கும் எளிதாக இருந்ததில்லை. 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் ஒழுங்காக அடைக்காது, சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவ வேண்டாம் என்று ராக்கெட் நிறுவனப் பொறியாளர்கள் மன்றாடினார்கள். அவர்களின் மேலாளர்கள் அந்த வாதத்தை முடித்துவைத்து ஒப்புதல் அனுப்பினார்கள். மறுநாள் ஏவிய 73 நொடியில் ஏழு பேர் போனார்கள். மறுப்பது கடினமாக இருக்கும் இடத்தில்தான் மறுப்பவனின் காட்சிக்கு எடை கூடும். தலைவரை மறுக்கும் இளையவரின் தயக்கம், 'சார்' போட்டே மறுக்கும் அந்தத் தமிழ், மறுத்த பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சங்கடம்: ஸ்டார் ட்ரெக்குக்குக் கிடைக்காத சரக்கு இது, நமக்கு மலிவாகக் கிடைப்பது.

ஆகவே கதை டிஸ்கஷனில் உட்காரும் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்கலம், கிராஃபிக்ஸ், பட்ஜெட் எல்லாம் பிறகு வரட்டும். அடுத்த முறை சேனலிலிருந்து வருபவர் "இந்த இடத்துல ரெண்டு பேருக்கும் ஒரு சண்டையைப் போடுங்க" என்று கேட்டால், மறுக்காதீர்கள், தலையையும் ஆட்டிவிடாதீர்கள். "எதைப் பற்றி சார்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை அடுத்த காட்சிக்குப் போகாதீர்கள்.